எங்கள் இனியா சுமாராகத்தான் படிப்பாள்

1

போன வாரம் சங்கராபுரத்திலிருந்து மல்லிகா போன் பண்ணினாள். ஊரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் பெண் பத்தாவதில் கவர்மெண்ட் ஸ்கூலிலேயே முதலாவதாக வந்திருக்கிறாளாம். ரிசல்ட் வந்த கையோடு கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, ஃபீஸே வேண்டாம், பெண்ணை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டார்களாம். தட்டில் ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் வைத்துக் கொடுத்தார்களாம். தாம்பூலம் மாற்றாததுதான் பாக்கி என்றாள்.

ஜில்லாவில் முதலாவதாக வந்த பிள்ளைகளை எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம்.

"சேக்கலாமா பெரிம்மா? நீங்கதான் அமெரிக்காவுல இருக்கீங்களே, உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அதோடு, போனில் பேசவும் எனக்கு வராது. எதிர்ப்பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டாலே வாய் பூட்டிக்கொள்ளும். "பாக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதுவதென்றால் அந்தத் தொல்லை இல்லை. பேப்பர் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்காது. அதனால் எழுதுகிறேன். மல்லிகாவுக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற எல்லாருக்கும்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியப்போவதில்லை.

2

என் வீட்டுக்காரர் போனபிறகு, பிள்ளை குட்டி இல்லாத அக்கா தனியாக எதற்குக் கிடக்க வேண்டும் என்று என் தம்பி ஏழுமலை இங்கிருந்து எனக்காக மனு போட்டான். மனு போட்டபோது அவன் பெண் இனியா தாயார் வயிற்றில் இருந்தாள். விசா வந்தபோது அஞ்சாவது முடித்துவிட்டாள். அதாவது, நான் விமானம் ஏறுவதற்குள் அவள் என் படிப்பை எட்டிப் பிடித்துவிட்டாள். ஏர்போர்ட்டில் முதல் முதலாகப் பார்த்தபோது எனக்கும் அவளுக்கும் படிப்பு சமம். அதனால்தானோ என்னவோ உடனே ஒட்டிக்கொண்டது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம். தம்பி கம்ப்யூட்டர் வேலை. அவனை ஆபீசில் "ஏழு" என்று கூப்பிடுகிறார்கள். மலையைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி சுதா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு இங்கே என் பெயரே கிடையாது. எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து ஒன்று போதும். இங்கே அது போதாது என்று எந்தக் கட்டத்திலோ எதையோ எழுதி, அஞ்சலையாகிய நான் "மிஸஸ் சடையன்" ஆகிவிட்டேன். சடையன் எங்கப்பா. டாக்டரிடம் போனால் நர்ஸம்மா வந்து அப்படித்தான் கூப்பிடும். எங்கப்பாவுக்கே என்னைக் கட்டி வைத்த மாதிரி, ஒவ்வொரு தடவையும் கூசிக்கொண்டே எழுந்து போகிறேன்.

இனியா அப்பா அம்மாவோடு இங்கிலீஷில் பேசுவாள். அவர்கள் தமிழில் கேட்டாலும் பதில் இங்கிலீஷில்தான் வரும். என்னோடு மட்டும் தமிழ். பாசத்தால் இல்லை, எனக்கு வேறு பாஷை தெரியாததால். அவள் தமிழ் முழுக்க என்னிடம் வாங்கினது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் ஒரு தரம் "எங்கள் வூடு" என்று கட்டுரை எழுதினாள். டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, இந்தச் சொல்லை எங்கே படித்தாய் என்று கேட்டாராம். "வூட்லதான்" என்றிருக்கிறாள்.

3

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

இனியா படித்தது பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கிற பள்ளிக்கூடம். சுற்று வட்டாரத்தில் எந்தெந்தப் பிள்ளை வகுப்பில் முதலாவதோ அதெல்லாம் அங்கே. அப்படிச் சேர்த்தபிறகு அதிலும் கடைசி என்று ஒன்று வரத்தானே செய்யும்? அதை யாரும் யோசிக்கவில்லை. அவ்வளவு பேரும் முதலாவதாக வந்து பழகின பிள்ளைகள். சேர்ந்தபிறகு வந்த முதல் பரீட்சையிலேயே இனியா நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். படிப்பு ஒன்றும் குறையவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

என் தம்பிக்கு இது புரியவே இல்லை. அவனும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாவதுதான். ஹெட்மாஸ்டர் ரூம் பலகையில் அவன் பெயர் வெள்ளை பெயிண்டில் இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லியே பெண்ணை வளர்த்தான். ஒருநாள் சாப்பிடும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"எத்தனை பேர்ல ஃபர்ஸ்ட்டுப்பா?"

அவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய்விட்டான். அந்த வருஷம் பாதி வகுப்பு அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போயிருந்தது. மிச்சத்தில் ரெண்டு பேர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போய்விட்டு பரீட்சைக்கு வரவில்லை. அவன் படிக்கிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மல்லாட்டை இன்னும் ஒரு வாரம் முன்னால் விளைந்திருந்தால் அந்தப் பலகையில் வேறு பெயர்கூட இருந்திருக்கும்.

இங்கே பெரிய காலேஜுக்கு மார்க் மட்டும் போதாது. இந்தப் பிள்ளை எதில் தனி என்று பார்க்கிறார்களாம். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு ஒரு தர்ம சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருத்தன் ஏழைகளுக்கு மூக்குக் கண்ணாடி, ஒருத்தி ஏழைகளுக்கு வயலின். இப்படியே போனால் ஏழைகள் பற்றாமல் போய்விடும் என்று சுதா சொன்னாள். கட்டுரை வேறு எழுத வேண்டும். தான் காட்டு வழியில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனதை எழுதச் சொன்னான் தம்பி. இனியா தலையில் அடித்துக்கொண்டாள். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதியிருக்கிறார்களாம்.

"எல்லாருடைய அப்பாவும் நடந்துதான் போயிருக்காங்க அத்தை. ஒருத்தர்கூட பஸ்ல போகல."

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காலேஜ் அள்ளிக்கொண்டு போகாது, கொஞ்சம் பேரைத்தான் எடுக்கும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தான் தம்பி. அன்றிலிருந்து கட்டடத்தில் உள்ள மற்றப் பிள்ளைகளை லிஃப்டில் பார்த்தால் சிரிக்கமாட்டான். அப்புறம் ஒரு யோசனை வந்தது. ஆளில்லாத மாநிலமாகப் பார்த்துக் குடி போனால் அங்கே இனியாதான் முதல். மேப்பை எடுத்து வைத்து, மாடு அதிகம், மனுஷர் கம்மி என்று ஒரு ஊரைக் கண்டுபிடித்துவிட்டான்.

சுதா டியூட்டி முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைக் கேட்டாள். "அங்க நான் இன்னா ஆஸ்பத்திரியில வேலை பாக்கறது? மாட்டாஸ்பத்திரியிலயா?" என்றாள். மேப் மடங்கிவிட்டது.

4

எல்லாம் என்னிடம் வந்து முடிந்த கதை இதுதான்.

காலேஜுக்கு மார்க்கோடு பள்ளிக்கூடத்துக் கவுன்சலர் ஒரு சிபாரிசுக் கடிதமும் அனுப்ப வேண்டும். அந்த அம்மாவின் பொறுப்பில் ஏகப்பட்ட பிள்ளைகள். எல்லாரையும் அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் வீட்டாரைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு, அதை வைத்து எழுதுவார். அந்தப் பேச்சுக்காகத் தம்பி ஒரு மாசமாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகினான். பேச்சு நாளன்று அவன் வேலையாகப் போன ஊரில் பனி கொட்டி விமானம் நின்றுவிட்டது. சுதாவுக்கு ஆபரேஷன் வார்டு. வேறு நாள் கேட்டால் இல்லையாம்.

தம்பி எனக்குப் போன் பண்ணினான். "நீ போய் உக்காந்தா போதும்க்கா. தமிழ்ல கேக்கறதுக்கு ஆளு வப்பாங்க. நாலு வார்த்தை நல்லதா சொல்லு. புத்திசாலி, உழைப்பாளி, தலைவி, தனித்துவம். அவ்வளவுதான்."

நாலையும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனேன். ரெண்டாவது ஸ்டாப்பில் தலைவி தொலைந்துபோனாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காக. எங்கப்பாவுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் சாமை, கொஞ்சம் கேழ்வரகு. களம் நிறையக் குவிந்து கிடக்கும். வழியில் போகிறவர் இந்த வருஷம் எப்படி என்று கேட்டால், "குருவி தின்னது போக ஏதோ கொஞ்சம் வந்திருக்குதுங்க" என்பார். நிறைந்த களத்தை நிறைந்தது என்று சொன்னால் கண் பட்டுவிடும். பிள்ளைகள் விஷயத்தில் எங்கம்மா இன்னும் மோசம். தம்பிக்கு ஒண்ணாவது போகிற வரைக்கும் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. எப்படிப் படிக்கிறான் என்று யாராவது கேட்டால், மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்பாள். அவன் முதலாவதாக வந்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னாள். அவனும் அமெரிக்கா வரைக்கும் வந்துவிட்டான். ஆக, எங்கள் குடும்பத்தில் இது சோதித்துப் பார்த்த முறை.

கவுன்சலர் அம்மா நல்ல மாதிரி. என்னைக் கண்டதும் எழுந்து நின்று கை கொடுத்தார். இனியாவை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். மேஜை நடுவில் ஒரு போன். அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், இலங்கைக்காரர் போல, "வணக்கம் திருமதி சடையன் அம்மா" என்றது. மறுபடியும் எங்கப்பா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"தங்கள் மருமகளின் கல்வி எவ்வாறு உள்ளது என்று கேட்கிறார்கள்."

எதிரில் முன்பின் தெரியாத ஒரு அம்மா, பெரிய பெரிய கண், இமைக்காமல் என்னையே பார்க்கிறார். பேனா திறந்து வைத்திருக்கிறார். போனுக்குள் ஒரு ஆண்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறார். இவர்கள் முன்னால் வீட்டுப் பெண்ணைப் புத்திசாலி என்று எப்படிச் சொல்வது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அது தானாகவே எங்கம்மா பாதையில் போய்விட்டது.

"படிப்பாளுங்க. சுமாரா."

குரல் அதை இங்கிலீஷில் சொன்னது. பேனா நின்றது. அவளிடம் சிறப்பாக என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லீங்க, எல்லாப் பெண்களையும் போலத்தான் என்றேன். எதில் கெட்டி என்று கேட்டார்கள். ஏதாவது சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லையே என்று, நன்றாகச் சாப்பிடுவாள் என்றேன். துணி மடிக்கமாட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். குறை சொல்ல ஆரம்பித்ததும் பயம் கொஞ்சம் போய் பேச்சு வந்துவிட்டது.

போன் மெதுவாகத் தமிழில் மட்டும் சொன்னது.

"அம்மா, இவர்கள் நல்லதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் உள்ளதை உள்ளபடிதான் மொழிபெயர்க்க முடியும். நீங்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமே?"

"வேணாங்க ஐயா, இதுவே போதுங்க" என்றேன்.

நல்லபடியாக முடித்துக் கொடுத்தோம், பிள்ளைக்கு ஒரு கண்ணும் படாது என்ற திருப்தியோடு வெளியே வந்தேன். பஸ்ஸில் இனியா என்ன கேட்டார்கள் என்றாள். உன்னைப் பற்றித்தான் என்றேன். என்ன சொன்னீர்கள் என்றாள். சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அன்றைக்கு அது சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

5

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். கவுன்சலர் அம்மா இனியாவை அடிக்கடி கூப்பிட்டு, கண் துடைக்கிற காகிதப் பெட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் யாராவது உன்னைத் தாழ்த்திப் பேசுகிறார்களா? உனக்குப் பசிக்கச் சாப்பாடு போடுகிறார்களா? நன்றாகச் சாப்பிடுவாள் என்று நான் சொன்னது அப்படிப் போய் விழுந்திருக்கிறது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து தம்பிக்கே போன் வந்துவிட்டது. அவன் போனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"நாலு வார்த்தைக்கா. நாலே நாலு வார்த்தை."

கத்தியிருந்தால் தேவலை. அவன் பாட்டுக்குத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நம் அம்மா உன்னை என்ன சொன்னாள் என்று நினைத்துப் பார் என்றேன். அக்கா, அது கள்ளக்குறிச்சி, இது நியூ ஜெர்சி என்றான்.

பெரிய காலேஜ் டிசம்பரிலேயே இல்லை என்றுவிட்டது. மிச்சக் காலேஜ்கள் பங்குனி மாசம். இங்கே முடிவைக் காகிதத்தில் அனுப்புவதில்லை. கம்ப்யூட்டரில் திறக்க வேண்டும். கிடைத்தால் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் மேலிருந்து கொட்டும். கிடைக்காவிட்டால் எழுத்து மட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கத்தல், இன்னொரு வீட்டில் சத்தமே இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தடவை எழுத்து மட்டும் வந்தது. இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது, அதனால்தான் கொட்டவில்லை என்று தம்பி மறுபடி மறுபடி திறந்து பார்த்தான். நாலாவது, மாநிலத்துக் காலேஜ். கொட்டியது.

நல்ல காலேஜ்தான் என்று சுதா சொன்னாள். அவள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் பாதிப் பேர் அங்கே படித்தவர்களாம். "நல்லதுதான்" என்று தம்பியும் சொன்னான், எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவன் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, எங்கள் பையனுக்கும் கிடைக்கவில்லை என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டேன்.

என் பேச்சால்தான் போனதா என்று சுதாவைக் கேட்டேன். "இல்ல அண்ணி. நீங்க சொல்லாம வுட்டிருந்தாலும் இதேதான். அந்த ஸ்கூல்ல எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றாள். நர்ஸ் இல்லையா, செத்தவர் வீட்டாரிடம் பேசிப் பழக்கம். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆகையால் மல்லிகா, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் பெண்ணை முதலாவதுகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் அவள் படிப்பு ஏறும். அது உண்மை. ஆனால் நாலாம் நாளே அவள் தன்னை மக்கு என்று நினைக்க ஆரம்பிப்பாள். அதை உன்னிடம் சொல்லவும் மாட்டாள். கவர்மெண்ட் ஸ்கூலிலேயே படித்து முடித்தவர்களுக்கு டாக்டர் படிப்பில் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நம் ஊர் சேதியில் பார்த்தேன். இப்போது மாற்றினால் அது போய்விடுமா என்று ஸ்கூல் டீச்சரைக் கேட்டுக்கொள். அந்த ஆப்பிளைச் சாப்பிட்டுவிடு. முடிவு உன்னுடையது, உன் பெண்ணுடையது.

இத்தோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

6

முடிவெல்லாம் வந்து ஒரு வாரம் இருக்கும். தம்பி கடைக்குப் போயிருந்தான், சுதா டியூட்டி. சாயங்காலம் நான் பாத்திரம் தேய்க்க, இனியா துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு தாளித்த புகை போவதற்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். மாநிலத்துக் காலேஜ் ஹாஸ்டலில் அரிசிச் சோறு போடுவார்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். ஒரு தட்டை ரொம்ப நேரமாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க அன்னிக்கே கரெக்டா சொன்னீங்க இல்ல அத்தை?"

"இன்னா சொன்னேன்?"

"சுமாருன்னு. ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வூட்ல மட்டும்தான் யாரும் சொல்லல. நீங்கதான் நெஜத்த சொன்னீங்க. அதனால பரவால்ல."

கோபம் இல்லை. அழுகை இல்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் தோள் குலுங்கினது எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கண் படக்கூடாது என்று மூடி வைத்த பொருளை, இந்தப் பெண் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு இத்தனை மாசம் நடமாடியிருக்கிறாள். எங்கம்மா சொன்னதைக் கேட்டுத் தம்பி சிரித்தான் என்றால், அம்மா பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நான் இதுவரைக்கும் எந்தப் பிள்ளையையும் வாய் திறந்து புகழ்ந்ததில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. சோப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நீ சுமார் இல்லடி. எங்க வம்சத்துல உன்ன மாதிரி ஒண்ணு பொறக்கல. கீழ துணி தொவைக்கிற ரூம்ல தெனம் சண்டை, மிஷினுக்கு அடிச்சிக்கினாங்க. நீ போய் ஒரு பலகைய மாட்டி, ஆளாளுக்கு நேரம் போட்ட. பன்னெண்டு மாடியும் இன்னிவரைக்கும் உன் பேச்சக் கேட்டுக்கினு நடக்குது. என்னைக் கூட்டிக்கினு போன ஆபீஸ்ல அந்த ஆபீசரு என் பொறந்த தேதிய தப்பா டைப் அடிச்சத நீ காட்டின. அந்தாளு உன்கிட்ட மன்னிப்பு கேட்டான். எனக்கு இங்கிலீஷ்ல ஒரு கஷ்டம்னா உங்கப்பன் ஓடிடுவான், நீதான் நிக்கற. உன்ன எடுக்காதவன்தான் சுமாரு."

குழாயை மூடினேன். திரும்பிப் பார்த்தால் தட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், மூக்கு சிவந்திருக்கிறது. அதே நேரம் திறந்திருந்த வாசலில் ஆறாம் நம்பர் வீட்டு அம்மா நின்று இவளையே பார்த்துவிட்டுப் போகிறது.

என்ன காரியம் செய்தேன். இவ்வளவையும், இவ்வளவு சத்தமாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தி நேரம் வேறு.

அவளை ஹாலில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தேன். கை நிறைய உப்பு, கடுகு, ஒரு பிடி காய்ந்த மிளகாய். கீழே பார்க்கிங்கிலிருந்து மண் எடுத்துவர நேரம் இல்லை, பூந்தொட்டி மண்ணைச் சேர்த்துக்கொண்டேன். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, லிஃப்ட்டுக்கண்ணு, கவுன்சலர் கண்ணு எல்லாம் போகட்டும் என்று சுற்றினேன். துப்பு என்றேன். அய்ய என்றாள். துப்பு என்றேன். துப்பினாள். இதுக்கு முன்னாலெல்லாம் சுற்றினால் சுதாவுக்குப் பயந்து குப்பைப் பையில் போட்டுவிடுவேன். இத்தனை பெரிய புகழ்ச்சிக்குக் குப்பைப் பை தாங்குமா? தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, தீயை முழுக்கத் திருப்பி, அத்தனையையும் அதில் கொட்டினேன்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் நெடி எழுந்தது பாருங்கள். இனியா தும்ம, நான் இரும, திறந்த வாசல் வழியாக அது காரிடாருக்குப் போய், அங்கே கூரையில் இருந்த மிஷின் கத்த ஆரம்பித்தது. ஒன்று கத்தினதும் பன்னிரண்டு மாடியும் சேர்ந்து கத்தியது.

கட்டடமே கீழே இறங்கியது. சித்திரை மாசம்தான், ஆனால் இங்கத்திச் சித்திரை நம் மார்கழியைவிடக் குளிர். குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை போர்வையோடு. இனியாவோடு படித்த பிள்ளைகளும் நின்றார்கள். பெரிய காலேஜ் கிடைத்த பையன் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தான். அந்தக் குளிரில் எல்லாரும் இருமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கு எது கிடைத்தது என்று சொல்லவே முடியாது. நான் இனியாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மிளகாய் நெடி வந்தால் என்ன அர்த்தம் என்று அவள் மெதுவாகக் கேட்டாள். நெடி வராவிட்டால்தான் கண் பட்டிருக்கிறது, வந்தால் ஒரு கண்ணும் படவில்லை என்று அர்த்தம் என்றேன்.

"இவ்வளவு வந்துச்சே அத்தை. அப்ப ஒருத்தருக்குமே என் மேல பொறாமை இல்லியா?" என்றாள். இருமலோடு சிரிப்பும் வந்து அவளால் நிற்க முடியவில்லை.

சிவப்பு வண்டி வந்தது. தலைக் கவசம் போட்ட பெரிய ஆள் ஒருத்தர் மேலே போய் எங்கள் தோசைக்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். இது யாருடையது என்று கேட்டிருப்பார் போல. இனியா கை தூக்கினாள். அவர் எதையோ கேட்டார், இவள் பதில் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அவரிடம் என்ன சொன்னாய் என்றேன்.

"எங்க அத்தை என்னைப் பத்தி நல்லதா பேசிட்டாங்க, அப்படிப் பேசினா அப்புறம் இத செய்யணும்னு சொன்னேன்."

அவர் இன்னொன்று கேட்டார். இனியா என் பக்கம் திரும்பினாள். "இன்னா பேசினீங்கன்னு கேக்கறாரு அத்தை. நீங்க சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

சுற்றி எத்தனை ஜனம். எதிரில் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை, கையில் என் தோசைக்கல். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வம்சத்திலிருந்து ஆரம்பித்துத் துணி துவைக்கிற ரூம் வரைக்கும். சத்தமாகவே வந்துவிட்டது. கடைப் பையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த தம்பி கூட்டத்துக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டான்.

இனியா இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். ரெண்டு வாக்கியம் போனது. துணி துவைக்கிற ரூம் வந்ததும் கட்டடத்துக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவ்வளவுதான், முகம் மிளகாயாகச் சிவந்து மேலே சொல்ல வராமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கண் பாக்கியில்லாமல்.

அடுப்பை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தோசைக்கல்லையும் இன்னும் தரவில்லை. மறுபடி சுற்றிப் போட வழியில்லை. படுகிற கண் படட்டும் என்று நின்றேன்.